தாத்தா பாதியில் விட்ட டச்சிங்கை நான் முடிக்கலாமா?

கும்பகோணத்துப் பேத்தி:
தாத்தா ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவர் இறந்து நாலு வருடமாகிறது. பரணில் இருந்த ட்ரங்குப் பெட்டி நிறைய நெகட்டிவ். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், முகத்தின் குறைகளை மறைக்க அவர் டச்சிங் செய்த பென்சில் கோடுகள் மினுங்குகின்றன.

அதில் 1968 கல்யாணப் படம் ஒன்று. பெண்ணுக்கு இரண்டு கன்னத்திலும் அம்மைத்தழும்பு. இடது கன்னத்தை மூடியிருக்கிறார், வலதைத் தொடவே இல்லை. அந்த அம்மாவின் மகன் பெரிய பிரிண்ட் கேட்கிறார், முகத்தைச் சுத்தமாக்கித் தரச் சொல்கிறார். நெகட்டிவில் பூஞ்சை வேறு. தாத்தா விட்டதில் கை வைக்க மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பழைய டச்சிங்காரன்:
முதலில் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள் அம்மா. படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சைப் பூஞ்சை தின்றிருந்தால் அது கரைந்துவிடும். ஃபிலிம் கிளீனரும் வேண்டாம். பென்சில் பிடிப்பதற்காகத் தடவிய மீடியம் அதில் கரையும், தாத்தாவின் கைவேலை அதோடு போய்விடும். ஸ்கேன் எடுத்து அதில் செய்யுங்கள்.

அப்புறம், தழும்பின் நிழல் நெகட்டிவில் வெளுப்பாக இருக்கும். அதைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் நிழல் மறையும். வலது கன்னத்தில் வெளிச்சம் நேராக விழுந்திருந்தால் நிரப்ப அங்கே நிழலே இருந்திருக்காது. பாதியில் விட்டார் என்று ஏன் நினைக்கிறீர்கள்?

இருட்டறை:
அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரப் புகைப்படக்காரர் பெல்லாக் 1949-ல் இறந்தார். அவருடைய கண்ணாடித் தகடுகள் சிலவற்றில் பெண்களின் முகம் சுரண்டப்பட்டிருந்தது. அவற்றை வாங்கிய இன்னொரு புகைப்படக்காரர் லீ ஃப்ரீட்லேண்டர் சுரண்டலோடுதான் பிரிண்ட் போட்டார். 1970-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் அப்படியே மாட்டினார்கள். புகைப்படக்காரர் டோரத்தியா லேஞ்ச், பிழைப்புத் தேடி அலைந்த ஒரு தாயைத் தான் எடுத்த 'மைக்ரண்ட் மதர்' படத்தின் நெகட்டிவில் ஓரமாகத் தெரிந்த கட்டைவிரலை 1939-ல் மறைக்கவைத்தார். அது அவர் எடுத்த படம், உயிரோடு இருந்து அவரே எடுத்த முடிவு. தாத்தாவின் நெகட்டிவில் நமக்கு அந்த உரிமை கிடையாது.

கும்பகோணத்துப் பேத்தி:
பெரியவர் சொன்னது சரி. வலது பக்கம்தான் வெளிச்சம். இத்தனை நாள் அவர் முடிக்காமல் விட்டார் என்றே நினைத்திருந்தேன்.

ஸ்கேனில் பூஞ்சையை மட்டும் எடுத்து ஒரு பிரிண்ட் போடுகிறேன். மகன் கேட்டபடி இன்னொன்று. அதன் பின்னால் 'டச்சிங்: பேத்தி' என்று தேதியோடு எழுதிவிடுவேன். நெகட்டிவை எதில் போட்டு வைப்பது?

பழைய டச்சிங்காரன்:
அமிலமில்லாத தாள் கவர். பிவிசி பிளாஸ்டிக் கவர் ஆகவே ஆகாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைச் சேகரித்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள், அவர்களையும் கேட்டுப் பாருங்கள். தாத்தா பெயரையும் ஊரையும் கவரில் எழுத மறக்காதீர்கள் அம்மா.