மூக்கடைப்பை மெஷினில் அளந்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வேப்பம்பூ:
ரைனோமனோமெட்ரி, அதாவது மூக்கு வழியே போகும் காற்றையும் அழுத்தத்தையும் அளக்கும் டெஸ்ட், எடுத்தவர்களுக்கு எல்லாம் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். இடது துவாரத்தில் குழாயை வைத்து டேப் ஒட்டி அடைத்துவிட்டார்கள். மேலே மாஸ்க். வாயை மூடிக்கொண்டு வலது பக்கமாக மட்டும் மூச்சு விடச் சொன்னார்கள். திரையில் காற்றோட்டத்தைக் காட்டும் கோடு எழும்பவே இல்லை. நெஞ்சு விரிய இழுக்கிறேன், அழுத்தம் ஏறுகிறது, காற்று போகவில்லை. கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. அடைப்பு நீக்கும் ஸ்ப்ரே அடித்து, காத்திருந்து மறுபடி எடுத்தார்கள். அப்போதும் அப்படியே. "சதை வீக்கம்னா ஸ்ப்ரேக்கு வத்தியிருக்கும். இது மூக்குத் தண்டு வளைவு" என்றார் டாக்டர். சின்ன வயசிலிருந்து "உனக்குச் சளி உடம்பு" என்றே கேட்டு வளர்ந்தவன். அந்தக் கோடு கண்ணைவிட்டுப் போகவில்லை.

மழைச்சாரல்:
எனக்கு நேர்மாறு. ராத்திரி படுத்தால்தான் அடைப்பு, வாய் வறண்டு முழிப்பு வந்துவிடும். ஆனால் பகலில் உட்காரவைத்து அளந்தார்கள். 150 பாஸ்கல் அழுத்தத்தில் ரெசிஸ்டன்ஸ் (காற்றுக்கு மூக்கு கொடுக்கும் தடை) நார்மல் என்று ரிப்போர்ட். மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே டெஸ்ட் எடுத்த பெண் "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா" என்றாள். அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது. வேப்பம்பூ, ஒரே ஒரு ரிப்போர்ட்டை நம்பி ஆபரேஷனுக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

தென்திசை:
மழைச்சாரல் சொல்வதை ஏற்க முடியவில்லை. வேப்பம்பூவுக்கு ஸ்ப்ரேக்கு முன்னும் பின்னும் எடுத்திருக்கிறார்கள், அதற்கு மதிப்பு உண்டு. என் அனுபவம் சின்னது: மெந்தால் முகர்ந்ததும் மூக்கு பளிச்சென்று திறந்த மாதிரி இருந்தது, உடனே அளந்தார்கள், ரெசிஸ்டன்ஸ் துளியும் குறையவில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்புதான் "காற்று போகிறது" என்று நம்மிடம் சொல்கிறது. அதனால் நம் உணர்வும் எண்ணும் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம். இரண்டுமே பொய் இல்லை.

இன்னொன்று, மூக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் விடும், ஆரோக்கியமானவர்களுக்கும்தான். ஆகவே ஒரு பக்க எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள், இரண்டும் சேர்ந்த மொத்தத்தைக் கேளுங்கள். எந்த மருந்தை எப்போது நிறுத்திவிட்டு வரவேண்டும் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். அடைப்பு நீக்கும் ஸ்ப்ரேயை நாள்கணக்கில் அடித்துக்கொண்டே இருந்தால் அதுவே அடைப்பைக் கொண்டுவரும். சிடி ஸ்கேன் எலும்பைக் காட்டும், காற்றோட்டத்தை அளக்காது. குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் இருந்தால் தூக்கப் பரிசோதனை தனியாக எடுங்கள். மூக்கு டெஸ்ட் அதற்கு மாற்று இல்லை.

ஆலமரத்தடி:
இவ்வளவு பேசியும் வால்வு, அதான் மூக்கின் முன்பக்கம் இருக்கும் குறுகலான இடம், அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? எனக்குத் தண்டு நேராகத்தான் இருந்தது, அக்கூஸ்டிக் ரைனோமெட்ரியில் "டிக் டிக்" என்று சத்தத்தை உள்ளே அனுப்பி எடுத்த படமும் பெரிதாகக் குறை காட்டவில்லை. மூச்சு விடாமல் எடுக்கும் படம் அது, வேறென்ன காட்டும்? கடைசியில் மாஸ்க்கும் அளவு முள்ளும் உள்ள சின்னக் கருவியைக் கொடுத்து வேகமாக உள்ளே இழுக்கச் சொன்னார்கள். இழுக்க இழுக்க மூக்கின் பக்கச் சுவர் உள்ளே ஒட்டிக்கொண்டது. முள் நகரவில்லை. மூக்கின் மேல் விரிக்கும் பட்டையை ஒட்டிவிட்டு மறுபடி இழுத்தேன். முள் சட்டென்று தாவியது. பக்கத்தில் நின்ற என் மனைவி அழுதுவிட்டாள், எத்தனை ராத்திரி என் மூச்சைக் கேட்டுக்கொண்டே விழித்திருந்தவள்.

மழைச்சாரல்:
தென்திசை அண்ணா, ஸ்ப்ரே விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்டது அறிவுரை இல்லை. படுக்கவைத்து எடுக்க முடியுமா என்று அடுத்த முறை கேட்கப் போகிறேன். அப்படி எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.