கேஸ் பார்பிக்யூவுக்கு நீலச் சிலிண்டர் போதுமா, பச்சைதான் வேண்டுமா?

ஹாரோவாசி:
லண்டன் வீட்டுத் தோட்டத்துக்கு மூன்று பர்னர் கேஸ் பார்பிக்யூ ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கரி தணலாவதற்குள் பிள்ளைகள் பிரெட்டைத் தின்று வயிற்றை நிரப்பிவிடுகிறார்கள். சந்தேகம் சிலிண்டரில்தான். குளிர்கால ஹீட்டருக்கு வாங்கிய கேலர் நிறுவனத்தின் 15 கிலோ நீலச் சிலிண்டர் வீட்டில் இருக்கிறது, பாதிக்கு மேல் கேஸும் இருக்கிறது. அதையே மாட்டலாமா? கடைக்காரர் பச்சைதான் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறார்.

சிக்கனம்:
தாராளமாக மாட்டுங்கள் தம்பி. நீலத்தில் இருப்பது பியூட்டேன், பச்சையில் இருப்பது புரொப்பேன். கிலோவுக்குக் கிடைக்கும் சூடு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால்தான் ஆவியாகாமல் மக்கர் பண்ணும். ஜூலை மாதம் கோழி சுடுகிறவருக்கு அந்தக் கவலை எதற்கு? கையில் கேஸ் இருக்கும்போது இன்னொரு சிலிண்டருக்கு டெபாசிட் கட்டுவது வீண் செலவு.

தணல்:
சிக்கனம் அண்ணா, வெளியே அடிக்கும் வெயிலை மட்டும் பார்த்தால் போதாது. திரவம் ஆவியாகும்போது சூட்டைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மூன்று பர்னரையும் முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். முதலில் வியர்க்கும். அப்புறம் உள்ளே திரவம் நிற்கும் மட்டம் வரைக்கும் வெளியே வெள்ளையாக உறைபனி படியும். அந்த நிலையில் பியூட்டேன் சோர்ந்துவிடும், தீ இறங்கிவிடும். புரொப்பேனுக்குக் கொதிநிலையே மைனஸ் 42. அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

சிக்கனம்:
அது 4.5 கிலோ குட்டிச் சிலிண்டரில் நடக்கும். 15 கிலோவில் திரவமும் அதிகம், இரும்பும் அதிகம், அவ்வளவு சீக்கிரம் குளிராது. தவிர, மூன்று பர்னரையும் யார் முழுதாக வைக்கிறார்கள்? பத்து நிமிடம் தட்டைச் சூடாக்கிவிட்டு நடுவிலுள்ளதை அணைத்துவிட வேண்டியதுதானே?

தணல்:
நம் வீட்டு விருந்தை நினைத்துப் பாருங்கள். முப்பது பேர். கோழிக்கால் இறங்கினால் ஆட்டுச் சாப்ஸ் ஏறும், அது இறங்கினால் சோளம். தயிரில் ஊறிய இறைச்சிக்குச் சூடு குறைந்தால் சுடாது, வெந்து தண்ணீர்தான் விடும். இரண்டு மணி நேரம் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறோம், பர்னரைக் குறைக்க நேரம் ஏது? செப்டம்பர் மாலையில் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கேஸ்வேலை:
இந்த நாட்டில் கேஸ் வேலைக்கு வேண்டிய கேஸ் சேஃப் பதிவோடு வேலை செய்கிறேன். நிறத்துக்கு முன்னால் பார்பிக்யூவில் கேஸ் அழுத்தம் எழுதிய தகடைப் படியுங்கள். 28-30/37 என்று இருந்தால் பியூட்டேன் 28 மில்லிபாரிலும் புரொப்பேன் 37-லும் எரியும், ஜெட்டை, அதாவது பர்னருக்குக் கேஸ் விடும் சிறு துளையை, மாற்ற வேண்டாம். ஆனால் சிலிண்டரில் மாட்டி அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் வேறு. 15 கிலோ நீலத்துக்கு 21 மி.மீ. கிளிப், பச்சைக்கு 27 மி.மீ. கிளிப். ஒன்று மற்றதில் உட்காராது. உட்கார வைக்க அடாப்டர் தேடாதீர்கள். இங்கே விற்கும் பார்பிக்யூவுடன் ரெகுலேட்டர் வந்தால் பெரும்பாலும் 27 மி.மீ.தான். அப்படியானால் நீலத்துக்கு நீங்கள் தனியாக ரெகுலேட்டர் வாங்க வேண்டும். சிக்கனம் சொல்லும் மிச்சத்தில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும்.

இன்னொன்று. ஜெர்மனியிலிருந்து உறவினர் கொண்டுவந்த பார்பிக்யூவில் தீயே வரவில்லை என்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். அது 50 மில்லிபாருக்குச் செய்தது. 37-இல் தீ சவலையாகத்தான் வரும். ஜெட்டைத் துளைத்துப் பெரிதாக்கலாமா என்று கேட்டார்கள். கூடவே கூடாது.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
அப்போ சிவப்பு? ஊரில் 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டரை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துத்தானே சமைத்தோம். இங்கே வீட்டுக்குள் வைக்காதே என்கிறார்களே?

கேஸ்வேலை:
அக்கா, ஊர்ச் சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்த எல்.பி.ஜி. இங்கே சிவப்பு முழுக்கப் புரொப்பேன். 15 டிகிரியில் அதன் அழுத்தம் பியூட்டேனைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அதனால்தான் வீட்டுக்குள் வைக்கும் ஹீட்டருக்கு நீலத்தைக் கொடுக்கிறார்கள். பச்சையிலும் அதே புரொப்பேன்தான், இரண்டும் வெளியேதான் இருக்க வேண்டும், நிமிர்ந்துதான் இருக்க வேண்டும். சிவப்புக்கு இடப்பக்கமாகச் சுற்றி இறுக்கும் திருகு, ஸ்பேனர் வேண்டும். பார்பிக்யூவுக்குப் பச்சை சுலபம்.

ஹாரோவாசி:
பச்சை என்றால் 5 கிலோவா, 13 கிலோவா?

தணல்:
உங்கள் மூன்று பர்னர் சேர்ந்து 9 கிலோவாட் என்று வையுங்கள். முழுதாக எரித்தால் மணிக்கு 650 கிராம் போல ஆகும். 5 கிலோ ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். விருந்து வைக்கிற வீட்டுக்கு 13-தான் சரி, கிலோ விலையும் குறைவு. பார்பிக்யூ அலமாரிக்குள் அடங்காது, பக்கத்தில் வெளியே நிறுத்துங்கள்.

சிக்கனம்:
வருஷத்துக்கு மூன்று நான்கு முறை சுடுகிறவருக்கு 13 கிலோவா! நான் இன்னும் நீலத்தில்தான் ஓட்டுகிறேன், மே முதல் ஆகஸ்ட் வரை ஒரு குறையும் இல்லை. தகடு அனுமதிக்கிறது, ரெகுலேட்டர் ஒருமுறைச் செலவு. ஹீட்டர்ச் சிலிண்டர் கோடை முழுக்கச் சும்மா கிடப்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
எதை வாங்கினாலும் ஒன்று சொல்கிறேன் தம்பி. மழை வந்தால் பார்பிக்யூவைக் கராஜுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ இழுத்துவிடாதே. கதவைத் திறந்து வைத்தாலும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு தங்கும், மணமே இருக்காது. குடையைப் பிடித்துக்கொண்டு சுடு, இல்லையென்றால் அணைத்துவிட்டு ஓவனில் போடு.

கேஸ்வேலை:
அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மாட்டியதும் சோப்புத் தண்ணீரைக் குழாய் இணைப்புகளில் பூசி, குமிழ் வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியோடு போகாதீர்கள். குழாயில் அச்சிட்ட வருடத்தையும் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அன்றே மாற்றுங்கள்.

ஹாரோவாசி:
தகடைப் படம் எடுத்து வந்தேன், 28-30/37 என்றுதான் இருக்கிறது. கூட வருவது 27 மி.மீ. ரெகுலேட்டர். அப்போ பச்சை, 13 கிலோ. நீலம் ஹீட்டரோடு இருக்கட்டும்.

சிக்கனம்:
உங்கள் காசு, உங்கள் விருப்பம். காலியானால் 5 கிலோவுக்கு மாறிப் பாருங்கள், அப்போது மறுபடி பேசலாம்.