குணவதியா, எங்கள் அம்மாயியா?

(அம்மாயி வீட்டுச் சொந்தங்கள் – இலங்கை மலையகக் குடும்பம் ஒன்றின் வாட்ஸ்அப் குழு. அம்மாயி என்றால் அம்மாவின் அம்மா.)

சின்ன மாமா: எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் வருசத் திவசத்துக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். அட்டன் அச்சகத்தில் வசனம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு உடனே சொல்லுங்கள், நாளைக்கு அடிக்கிறார்கள்.

சின்ன மாமா: "மஸ்கெலியாவைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்டவரும், அமைதியும் அடக்கமும் நிறைந்தவரும், அதிர்ந்து பேசாத குணவதியுமான எங்கள் குடும்பக் குத்துவிளக்கு..."

பெரியக்கா: மாமா, இது யார் வீட்டு நோட்டீஸ்?

கொழும்புத் தம்பி: அதிர்ந்து பேசாத 😂😂 அம்மாயி வாசல் இஸ்தோப்பில் நின்று கூப்பிட்டால் கீழ் லயத்து வரிசை வீட்டு நாயெல்லாம் எழுந்து நிற்கும்.

சின்னம்மா: செத்துப்போனவர்களைப் பற்றி அப்படிப் பேசாதே தம்பி.

சின்னம்மா: ஆனால் உண்மைதான்.

சின்ன மாமா: எல்லோருக்கும் போடுவதைத்தான் போட்டிருக்கிறார்கள். வேறென்ன எழுதச் சொல்கிறீர்கள்? தேயிலை மலையில் கணக்கப்பிள்ளையோடு சண்டை போட்டதையா எழுத முடியும்?

பெரியக்கா: ஏன் எழுதக் கூடாது? கொழுந்து நிறுக்கும்போது தராசை எட்டிப் பார்க்கிற ஒரே ஆள் அதுதானே. பக்கத்தில் நிற்கிறவளின் கூடைக்கும் சேர்த்துச் சத்தம் போடும்.

நான்: மாமா, "பிறப்பிடம்" என்ற இடத்திலும் கொஞ்சம் மாற்ற வேண்டும். அம்மாயி பிறந்தது பழைய மஸ்கெலியாவில், ஆற்றை ஒட்டிய ஓயாக்கரை லயத்தில். இப்போது இருக்கிற டவுனிலிருந்து பார்த்தால் அது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

கொழும்புத் தம்பி: அந்தக் கதை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பெரியம்மா, சொல்லுங்களேன்.

அம்மா: அப்போது நான் கைப்பிள்ளை. அம்மா சொல்லித்தான் எனக்கும் தெரியும். 1969இல் மவுசாகலை அணைக்கட்டு வந்து பழைய டவுன் முழுக்க உள்ளே போனது. கடைவீதி, கோயில், விகாரை, பள்ளிவாசல், எதுவும் மிச்சமில்லை. டவுனை மேலே கொண்டுபோய்ப் புதிதாகக் கட்டினார்கள். நம் லயத்து ஆட்களுக்கும் தோட்டத்து மேல் டிவிஷனில்தான் குடியிருக்கக் காம்பரா கிடைத்தது. சாமானெல்லாம் தலைச்சுமை. அம்மியைத் தூக்க ஆள் இல்லை, "அது கிடக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டாராம். அம்மா குழவியை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு, இடுப்பில் என்னையும் வைத்துக்கொண்டு மேடு ஏறியதாம்.

அம்மா: அம்மி இல்லாமல் குழவி எதற்கு என்று ஊரே சிரித்ததாம். "வேற அம்மி வாங்கிக்கலாம், கை பழகின குழவி கிடைக்காது" என்று சொல்லியிருக்கிறது.

நான்: மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் தெரியும் அல்லவா? டவுன் சனமெல்லாம் வேடிக்கை பார்க்க வரும். அம்மாயி கோயிலை ஒரு கும்பிடு போட்டுவிட்டு எங்களை இழுத்துக்கொண்டு நேரே சேற்றுக்குள் இறங்கிவிடும். செருப்பைக் கையில் வைத்திருக்கும். வெடித்துக் கிடக்கிற சேற்றில் காலால் தட்டித் தட்டி, "இது பேக்கரி, இது துணிக்கடை, இந்த மூலையில நின்னுதான் உங்க தாத்தா என்னைப் பாத்துப் பல்லைக் காட்டுச்சு" என்று சொல்லும். அம்மியையும் தேடும். கிடைத்ததே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் தேடும்.

பெரியக்கா: குளிக்கப் போகிற கதையையும் சொல்லு. லயமே பீலித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது அம்மாயி மட்டும் சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு கீழே கரைக்குப் போய்விடும். "நான் ஆத்துல குளிச்சு வளந்தவ, எனக்கு இந்தச் சொட்டுத் தண்ணி காணாது" என்று பேச்சு வேறு. வரும்போது ஜப்பான் மீன் இரண்டு மூன்று முந்தானையில் தொங்கும். பொம்பளை தூண்டில் போடுகிறாள் என்று பேசினவர்கள் வீட்டுக்கும் புளிப்புக்குக் கொறுக்காய் போட்ட குழம்பு ஒரு கிண்ணம் போகும்.

சின்ன மாமா: சரி சரி. எல்லாம் தெரிந்ததுதான். நோட்டீஸுக்கு வாருங்கள்.

கோத்தகிரி மாமா: வணக்கம். இப்போதுதான் பார்த்தேன். நான் ஒன்று சொல்லலாமா?

சின்ன மாமா: சொல்லுங்கள் அத்தான்.

கோத்தகிரி மாமா: தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் போட்ட 1964 ஒப்பந்தப்படி, அத்தையின் தம்பியான எங்கள் அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். உங்கள் அப்பாவும் எழுதிக் கொடுக்கத்தான் இருந்தாராம். அத்தை அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டது. நாங்கள் அட்டனில் கோச்சி ஏறின நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அழுகைக் கோச்சி என்று சும்மா சொல்லவில்லை, பிளாட்பாரமே அழுதது. அத்தை மட்டும் அழவில்லை. கோச்சி நகர்ந்த பிறகும் ஓடி வந்து, ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டின பொட்டலத்தைச் சன்னல் வழியாக என் மடியில் போட்டது. "தலைமன்னார் வரைக்கும் பிரிக்காதடா, கப்பல்ல தின்னு" என்றது. அனுராதபுரம் தாண்டுவதற்குள் தின்று தீர்த்துவிட்டோம்.

அம்மா: வீட்டுக்கு வந்து மூன்று நாள் பேசவில்லையாம். அப்பா சொல்லுவார்.

கோத்தகிரி மாமா: அக்கா, அது எங்களுக்குத் தெரியாது.

சின்னம்மா: கையெழுத்துப் போடாததால் பட்ட பாடு கொஞ்சமா? அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. 2003 சட்டத்துக்குப் பிறகுதானே பிரஜாவுரிமை, பாஸ்போர்ட் எல்லாம்.

பெரியக்கா: பாஸ்போர்ட் என்றதும் அம்மாயியின் ஈ.பி.எப். சேமிப்புக் காசு ஞாபகம் வருகிறதா மாமா? 😄

சின்ன மாமா: வராமல் இருக்குமா? கூரைக்குத் தகரம் மாற்ற வைத்திருந்த காசு. யாரிடமும் மூச்சு விடாமல் எடுத்து, கட்டுநாயக்காவில் விமானம் ஏறித் திருச்சி போய், அங்கிருந்து பஸ் மாறி மாறிக் கோத்தகிரி. அதற்கு முன்னால் கொழும்புக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. அங்கே இறங்கிய பிறகுதான் எங்களுக்குப் போன் வந்தது. நான் கத்தினேன். "தகரம் அடுத்த வருசமும் கிடைக்கும், தம்பி கிடைப்பானா" என்று வைத்துவிட்டது.

கோத்தகிரி மாமா: அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். அத்தை ஆட்டோவிலிருந்து இறங்கி, "ஏண்டா, இங்கயும் தேயிலைதானா? இதுக்கா அம்புட்டுத் தூரம் வந்த?" என்று கேட்டது. அப்பா சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அடுத்த வருசம் அவர் போய்விட்டார்.

சின்ன மாமா: திரும்பி வந்தபோது வீட்டில் இருந்த அத்தனை பொம்பளைப் பிள்ளைகளுக்கும் சேலை. அந்த மழைக்காலம் முழுக்க வாளி வைத்து ஒழுக்குப் பிடித்தோம். நான் திட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது யோசித்தால் அது செய்ததுதான் சரி.

கொழும்புத் தம்பி: நான் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அழுதுகொண்டே போன் எடுத்தேன். "பைப்பைத் திறந்து ஒரு வாய் தண்ணி குடி, அது நம்ம ஓயாத் தண்ணிதான், களனியில கலந்து உன்கிட்டத்தான் வருது" என்றது. அப்போது சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறது என்று நினைத்தேன். கொழும்புக்கு அம்பத்தலையிலிருந்து வருவது களனி ஆற்றுத் தண்ணீர்தான். மஸ்கெலியா ஓயா போய்ச் சேருவதும் அதே ஆற்றில்தான்.

பெரியக்கா: பள்ளிக்கூடம் போகாத மனுசி 🙏

நான்: மாமா, இப்படிப் போடலாமா? "பழைய மஸ்கெலியா ஓயாக்கரையில் பிறந்து, ஊரே தண்ணீருக்குள் போன பிறகும் கரையை விட்டுப் போகாதவரும், மனதில் பட்டதைச் சத்தமாகச் சொன்னவரும், நினைத்த இடத்துக்குப் புறப்பட்டுப் போனவரும், தேடி வந்த எவரையும் பசியோடு அனுப்பாதவருமான எங்கள் அம்மா."

சின்னம்மா: "சத்தமாக" வேண்டுமா?

அம்மா: இருக்கட்டும். அதுதான் அம்மா.

கோத்தகிரி மாமா: "கடல் தாண்டி வந்து தம்பியைப் பார்த்தவரும்" என்று சேர்க்க முடியுமா?

சின்ன மாமா: சேர்க்கிறேன் அத்தான். குத்துவிளக்கை எடுத்துவிடச் சொல்கிறேன். அப்புறம் படையல். ஐயர் இருக்கும் வரைக்கும் மரக்கறிதான், சொல்லிவிட்டேன்.

பெரியக்கா: ஐயர் பதினொரு மணிக்குக் கிளம்பிவிடுவார். மீன் பன்னிரண்டுக்கு.

சின்னம்மா: வெற்றிலையும் புகையிலையும் நான் கொண்டுவருகிறேன். அம்மாவின் குழவி யார் வீட்டில் இருக்கிறது? மசாலா அதில்தான் அரைக்க வேண்டும்.

பெரியக்கா: என் வீட்டில். ஆனால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.