பிரஷர் ட்ரான்ஸ்மிற்றர் கலிபரேஷன்: யாழில் யாராவது உதவ முடியுமா?

அண்ணாமார், அக்காமார், வணக்கம். சுன்னாகம் பக்கம் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். அங்கு குழாய் அழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றிக் காட்டும் ட்ரான்ஸ்மிற்றர் (0–10 பாருக்கு 4–20 மில்லி அம்பியர்) பிழையாகக் காட்டுகிறது. காற்றுக்குத் திறந்துவிட்டு சீரோவைச் சரிசெய்தேன், 4.00 வந்துவிட்டது. ஆனால் கைப்பம்பால் 5 பார் கொடுத்தால் 12க்குப் பதிலாக 11.85, 10 பாரில் 20க்குப் பதிலாக 19.70. இறங்கும்போதும் அதேதான். ஸ்பான் பிழை, அதாவது அழுத்தம் கூடக்கூடப் பிழையும் கூடுவது, என்றே நினைக்கிறேன்.

ஆனால் நான் ஒப்பிட்டது ஒரு பழைய ஊசி கேஜோடு. கேஜே பிழையென்றால், நல்ல கருவியை நானே கெடுத்துவிடுவேன். அதனால் ஸ்பானில் கைவைக்க மனம் வரவில்லை. யாரிடமாவது டெட் வெயிட் டெஸ்டரோ (எடைக்கற்களால் துல்லியமான அழுத்தம் தரும் கருவி), சான்றிதழ் உள்ள டிஜிட்டல் கேஜோ இருக்கிறதா? அரை நாள் போதும், வாடகை தருகிறேன். கழற்றிக் கொழும்புக்கு அனுப்பினால், வரும்வரை சனத்துக்குத் தண்ணீர் இல்லை.