புதுப்பிப்பு: கீபோர்டுக்கு ஸ்வரத்துக்குப் பதில் எண்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் படிக்கும் பிள்ளைகளுக்கு, ஸ்வர எழுத்துக்குப் பதில் 1 முதல் 12 வரை எண் போடலாம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அதில் மூன்று திருத்தங்கள்.

முதலில், ஏழு ஸ்வரங்களை மட்டும் 1 முதல் 7 வரை எண்ணும் முறையை இதோடு கலக்கவே கூடாது. நம் கணக்கில் ஸ 1, ப 8. கருப்புக் கட்டையும் எண்ணில் சேரும். மாயாமாளவகௌளை ராகம் 1 2 5 6 8 9 12. சங்கராபரணம் ராகம் 1 3 5 6 8 10 12. வெறும் ‘ரி’, ‘த’ என்று எழுதினால் எந்த ரி, எந்த த என்று பிள்ளை தடுமாறும். எண்ணில் அந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது, மேல் ஸ்தாயிக்கு (மேல் ஸ-விலிருந்து வரும் ஸ்வரங்களுக்கு) எண்ணின் மேல் புள்ளி வேண்டாம், ஜெராக்ஸில் மறைந்துவிடுகிறது. எண்ணைச் சுற்றி வட்டம் போடுங்கள், கீழ் ஸ்தாயிக்குச் சதுரம். அடிக்கோட்டை இரண்டாம் காலத்துக்கு (இரட்டை வேகத்துக்கு) மட்டும் வையுங்கள். ஆதி தாளத்துக்கு வரிக்கு 8 கட்டம். 4ஆம், 6ஆம் கட்டம் முடிந்ததும் தடித்த கோடு. ஸ்வரத்தை நீட்டினால் கட்டத்தில் காற்புள்ளி, காலியாக விடாதீர்கள். காலியைப் பிள்ளைகள் நிறுத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, எண் ஸ்டிக்கரைக் கீபோர்டுக் கட்டையில் விரல் படாத பின்பகுதியில் ஒட்டுங்கள். 1 என்பது C கட்டையில் இருக்கும்போது, ஐந்தரைக் கட்டை (G#) சுருதிக்கு ஸ்டிக்கரை மாற்ற வேண்டாம், கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸை −4 வைத்தால் போதும்.

கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இதில் வராது. அதைப் பாடித்தான் காட்ட வேண்டும்.