மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில்: வரிசையிலிருந்து பல்சக்கரம் வரை, நாலு பேரோட குறிப்புகள்

மேட்டுப்பாளையம்காரர்

காலை 7.10 வண்டிக்கு முன்பதிவு கிடைக்காதவங்க முன்பதிவில்லாப் பெட்டியை நம்பித்தான் வர்றாங்க. அதுல இடம் ரொம்பக் கம்மி. சீசன்ல விடியறதுக்கு முன்னாடியே வரிசை சேர்ந்திடும். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ்ல அன்னைக்குக் காலையில இறங்குறவங்க வால்லதான் நிக்கணும். ஏப்ரல், மேன்னா முந்தின ராத்திரியே ஊர்ல தங்கிடுங்க.

பெரிய சூட்கேஸ் வேண்டாம், வைக்க இடமில்லை. பெட்டிக்குள்ள கழிப்பறையும் கிடையாது. ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்பாரத்துலயே போயிட்டு வந்திடுங்க, முக்கியமா குழந்தைகளோட வர்றவங்க. குன்னூர் வரைக்கும் பள்ளத்தாக்கு பெரும்பாலும் இடது பக்கம்.

குன்னூர் லோகோ

நேரம் இருந்தா வண்டியோட கடைசி வரைக்கும் நடந்து போய்ப் பாருங்க. இன்ஜின் அங்கதான் இருக்கும். ஏறும்போது அது இழுக்கறதில்லை, தள்ளுது. இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டிகள் கீழே உருண்டுடாம இன்ஜின் தாங்கிக்கும்.

கல்லாறு வரைக்கும் சாதாரண தண்டவாளம். அதைத் தாண்டினதும் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல்சட்டம், அதாவது பல் வெட்டின இரும்புச் சட்டம், ஆரம்பிக்கும், குன்னூர் வரைக்கும் சுமார் 19 கிலோமீட்டர். ரெண்டு வரிசைப் பல் பக்கத்துல பக்கத்துல, ஒண்ணோட பல்லுக்கு நேரா இன்னொண்ணோட இடைவெளி. வளைவுல திரும்பும்போதும் எப்பவும் ஏதாவது ஒரு பல்லு இன்ஜினோட பல்சக்கரத்தைப் பிடிச்சிருக்கணும்னுதான் இப்படி. 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். வெறும் இரும்புச் சக்கரம் அங்க வழுக்கும்.

வண்டி வேகம் குறைஞ்சு, காலுக்கடியில ஒரு அதிர்வு வந்து, அப்புறம் சத்தமே மாறும். பல்லைக் கவ்வின நேரம் அதுதான். எக்ஸ் வகை நீராவி இன்ஜின்ல ஒவ்வொரு பக்கமும் ரெண்டு சிலிண்டர் (நீராவி உள்ள போய்த் தள்ளுற உருளை), மேலயும் கீழயும். ஒரு ஜோடி சாதாரண சக்கரத்தை ஓட்டும். அதுல வேலை செஞ்சு வெளிய வர்ற நீராவிதான் இன்னொரு ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுத்த வைக்கும். ஒரே நீராவிக்கு ரெண்டு வேலை. 1899ல குன்னூர் வரைக்கும் திறந்த பாதையில இன்னைக்கும் இதே முறைதான், எனக்கு இதைவிட அழகான இயந்திரம் தெரியாது.

ஹில்குரோவ் டீ

லோகோ சார், பிரேக் பிடிக்கிற பிரேக்ஸ்மேனை விட்டுட்டீங்களே! பெட்டிக்கு ஒருத்தர், பெட்டியோட முன்பக்க மேடையில நிப்பார். டிரைவர் பின்னால இருக்கறதால அவருக்கு முன்னாடி பாதை தெரியாது. முதல் பெட்டிக்காரர் கொடி காட்டுவார், அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதுக்கடுத்தவர், இப்படியே இன்ஜின் வரைக்கும் போகும். அதனால ஜன்னல் வழியா வண்ணத் துணி, சால்வை எதையும் ஆட்டாதீங்க. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

வண்டி நடுவழியில நின்னா "லேட்"னு சலிச்சுக்க வேண்டாம், இன்ஜின் தண்ணி குடிக்குது. ஹில்குரோவ்ல இறங்கி டீ குடிக்கலாம். திறந்த பொட்டலத்தோட மட்டும் நடக்காதீங்க, குரங்கு தோள் மேலயே ஏறிடும். விசில் கேட்டதும் ஏறிடுங்க.

வெலிங்டன்

வயசானவங்களுக்கும் கைக்குழந்தைக்காரங்களுக்கும் அஞ்சு மணி நேரம் கஷ்டம்ங்க. அவங்க பஸ்ல குன்னூர் வந்து அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் ஏறட்டும். அந்தப் பகுதியில பல்சட்டம் இல்லை, டீசல் இன்ஜின், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அரவங்காடு, கேத்தி, லவ்டேல் எல்லாம் வரும். கேத்தி பள்ளத்தாக்கு தெரியறப்ப ஸ்வெட்டர் கையில இருக்கணும், குளிர் அங்கேயே தொடங்கிடும்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வர்றவங்க கிளம்புற அன்னைக்குக் காலையில வண்டி ஓடுதான்னு ஒரு தடவை கேட்டுக்குங்க. வடகிழக்கு மழையில கல்லாறு–குன்னூர் நடுவுல மண் சரிஞ்சு பாதை மூடினா ரத்துதான். அந்த நேரத்துலயும் குன்னூர்–ஊட்டி வண்டி பெரும்பாலும் ஓடும்.