டர்பன் ஹிப் ஹாப் மேடையில் எட்டு வரித் தமிழ்: கொண்டாடுவதா, திருத்துவதா?

கரும்புத்தோட்டப்பேரன் | ஞாயிறு, காலை 10.20

நேற்று இரவு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கில் நடந்த ஹிப் ஹாப் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். டிக்கெட் 120 ராண்ட். இருநூறு பேர் இருந்திருப்போம். போன ஆண்டு இதே இளைஞர்கள் நடத்தியபோது நாற்பது பேர்கூட வரவில்லை. எட்டுப் பேர் மேடையேறினார்கள். பெரும்பாலும் ஜூலு, கொஞ்சம் ஆங்கிலம். ஏழாவதாக வந்தவள், டர்பனில் நம் மக்கள் நிறைந்த சாட்ஸ்வர்த் பகுதிப் பெண்.

அவளுடைய இரண்டாவது பாட்டின் நடுவில் பீட், அதான் பின்னணித் தாள இசை, நின்றுவிட்டது. டிஜே குனிந்து வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார். மைக் மட்டும் உயிரோடு இருந்தது. அவள் நிறுத்தவில்லை. இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் தாவினாள். முன்னால் நின்ற ஜூலுப் பையன்கள் அந்தத் தட்டலைப் பிடித்துக் கைதட்டத் தொடங்கினார்கள். கிடங்கு முழுவதும் அதே தாளம். எட்டு வரிகள். எனக்குக் காதில் நின்றவை இரண்டு:

எண்ணைக் கேட்டான், எழுதிக்கொண்டான்;
மண்ணைக் கேட்டோம், மௌனம் தந்தான்.

1860 நவம்பர் 16 அன்று இந்தியாவிலிருந்து முதல் கப்பலாக ட்ரூரோ இங்கே வந்து நின்ற நாளிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். என் ஆயாவின் பாட்டனாருடைய எண் ஒரு காகிதத்தில் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இன்னும் இருக்கிறது. கெடு முடிந்தவர்களுக்குத் திரும்பிப் போகும் கப்பல் கட்டணத்துக்குப் பதிலாக நிலம் தரலாம் என்று சட்டத்தில் இருந்தும், கிடைத்தவர்கள் மிகச் சிலர். அந்த வரலாறு முழுவதும் இரண்டு வரியில் வந்துவிட்டது. எனக்குத் தொண்டை அடைத்தது. இதை நம் சங்கங்கள் கொண்டாட வேண்டும்.

சனிக்கிழமைவகுப்பு | ஞாயிறு, நண்பகல் 12.05

காணொளியை என் பேத்தி காட்டினாள். மூன்று முறை கேட்டேன். தம்பி, நீங்கள் எழுதியிருப்பது வேறு, அந்தப் பெண் சொன்னது வேறு. "எண்ணை" என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அவள் வாயில் வந்தது "என்னை". எண்ணைக் கேட்டான் என்றால் இலக்கத்தைக் கேட்டான். என்னைக் கேட்டான் என்றால் பொருளே மாறிவிட்டது. மண்ணும் "மன்" ஆகிவிட்டது. ணகரத்துக்கு நாக்கின் நுனி மேலே மடிந்து அண்ணத்தைத் தொட வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஹிப் ஹாப்பின் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் ஜூலுவில் மூன்று வகைச் சொடுக்கொலிகள் இருக்கின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுப் பாடினால் அதே முன்வரிசைப் பையன்கள் கைதட்டியிருப்பார்களா? நம் மொழிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

கரும்புத்தோட்டப்பேரன் | ஞாயிறு, பிற்பகல் 1.10

டீச்சர், எண்ணைக் கேட்டவன் அவளையே கேட்டான் என்றும் எடுத்துக்கொள்ளலாமே? நம் முன்னோர்களுக்கு எண்தானே பெயராக இருந்தது?

சனிக்கிழமைவகுப்பு | ஞாயிறு, பிற்பகல் 1.25

வேண்டாம் தம்பி. பிழைக்குப் பட்டுச் சேலை கட்டாதீர்கள். பிழை என்று ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பெண் வளருவாள்.

வைகைக்கரை | ஞாயிறு, மாலை 4.40

மதுரையிலிருந்து வந்து டர்பனுக்குப் பக்கத்தில் உம்ஹ்லாங்காவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். டீச்சர் சொல்வதை வழிமொழிகிறேன். புலம்பெயர்ந்தவர்கள் என்பதற்காகத் தரத்தைத் தாழ்த்தத் தேவையில்லை. மலேசியாவில் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006லேயே முழுத் தமிழ் ராப் ஆல்பம் கொண்டுவந்து தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். மலேசியத் தமிழர்களிலும் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள்தான். அவர்களால் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? நாற்பது நிமிட மேடையில் எட்டு வரித் தமிழ் என்பது பாயசத்தின் மேல் போட்ட முந்திரி. பாயசம் ஆங்கிலம்தான்.

கரும்புத்தோட்டப்பேரன் | ஞாயிறு, மாலை 5.15

அண்ணா, மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. கணக்கு, அறிவியல் எல்லாம் தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் அங்கே ராப் எழுதுகிறார்கள். இங்கே அப்படி ஒரு பள்ளி உண்டா? தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, மதித்துப் போற்ற வேண்டும் என்கிறது. நடைமுறையில் எனக்குக் கிடைத்தது வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அதுவும் டீச்சரைப் போன்றவர்கள் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தது. நீங்கள் தாயிடம் பெற்ற மொழியை நாங்கள் ஐந்தாம் தலைமுறையில் தேடி எடுக்கிறோம். எங்களை மதுரைத் தராசில் நிறுத்தாதீர்கள். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

பீனிக்ஸ்அம்மா | ஞாயிறு, இரவு 7.30

மொழியைப் பற்றி நீங்கள் பேசுங்கள். எனக்கு அந்தப் பெண் இரவு எத்தனை மணிக்கு, யாருடன் வீடு திரும்பினாள் என்பதுதான் கேள்வி. 2023 பிப்ரவரி 10 அன்று ராப் பாடகர் ஏகேஏவை இதே டர்பனின் ஃபுளோரிடா சாலையில் அத்தனை பேர் நடமாடும் இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். அன்றிலிருந்து என் மகன் இரவு நிகழ்ச்சி என்று வாயெடுத்தாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. மாலை நான்கு மணிக்கு வைத்தால் நானே வந்து உட்காருவேன்.

டேபிள்மலைநிழல் | ஞாயிறு, இரவு 8.50

கேப்டவுனிலிருந்து எழுதுகிறேன். இங்கே கேப் ஃபிளாட்ஸ் பகுதியில் பேசும் ஆஃப்ரிகான்ஸ் வழக்கை, காப்ஸ் என்பதை, சமையலறை மொழி என்று இழிவுபடுத்தினார்கள். பிராசே வன்னி காப் குழுவினர் அதே மொழியில் ராப் பாடினார்கள். யாரிடமும் இலக்கணச் சான்றிதழ் வாங்கவில்லை. இன்று அந்த மொழியைப் பேச இளைஞர்கள் வெட்கப்படுவதில்லை. நம் பிள்ளைகள் பேசும் தமிழும் ஒரு தமிழ்தான் என்று ஏன் ஏற்கக் கூடாது?

சனிக்கிழமைவகுப்பு | ஞாயிறு, இரவு 9.20

ஒப்பீடு பொருந்தவில்லை. காப்ஸ் அடுப்படியிலும் தெருவிலும் நாள் முழுவதும் புழங்கும் மொழி. அதன் பேச்சுமுறைக்குப் பின்னால் இலட்சக்கணக்கான நாக்குகள் நிற்கின்றன. டர்பன் வீடுகளில் அப்படித் தமிழ் பேசுவோர் எத்தனை பேர்? என் ஆயா பேசிய தமிழில் ஜூலுச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்திருந்தன. அதை நான் ஒருநாளும் திருத்தியதில்லை, அது வாழ்ந்த மொழி. ஆனால் ஆயாவின் வாயில் ணகரம் ணகரமாகவே இருந்தது.

ஆர்மோனியக்காரர் | திங்கள், காலை 6.10

நான் முப்பது ஆண்டுகள் தெருக்கூத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவன். இந்த ஊரில் அதை சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்றுதான் சொல்வோம். விடிய விடிய ஆடுவார்கள். என் இளமையில் பல கோயில்களில் மைக்கே கிடையாது, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி தொண்டையால் பாட வேண்டும்.

நீங்கள் எல்லாரும் எழுத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் மூச்சைப் பற்றிச் சொல்கிறேன். பீட் நின்றவுடன் பதறுகிறவன் வேகத்தைக் கூட்டிவிடுவான். இந்தப் பெண் கூட்டவில்லை. காணொளியைப் பார்த்துக்கொண்டே மேசையில் விரலால் தட்டிப் பார்த்தேன், கடைசி வரிவரைக்கும் காலம் நகரவில்லை. டிஜே வயரைச் சரிசெய்து பீட்டை மறுபடி போட்டபோது, அவள் ஓட்டத்தின் மேல் அது அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

குறை ஒன்று உண்டு. ஐந்தாவது வரியில் மூச்சு தீர்ந்து கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டாள். டீச்சர் கேட்ட உச்சரிப்புப் பிழைகளில் பாதி அதற்குப் பிறகு வருபவை. கூத்தில் இதற்குத்தான் பின்பாட்டு வைத்தோம். ஆடுகிறவர் வரியை முடிக்கும் முன்பே பின்னால் நிற்பவர்கள் கடைசிச் சொல்லை வாங்கிக்கொள்வார்கள், அவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். ராப் பாடுகிறவர்களும் பக்கத்தில் ஓர் ஆளை மைக்கோடு நிறுத்தி வரிக்கடைசியை எடுத்துக்கொடுக்கச் செய்கிறார்கள் என்று பேரன் சொன்னான். அவளுக்கு அப்படி ஓர் ஆள் வேண்டும், தமிழ் தெரிந்த ஆளாக.

வைகைக்கரை | திங்கள், காலை 8.00

ஐயா, காலம் தவறாததை ஒப்புக்கொள்கிறேன். தம்பி, உங்களைப் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன். பள்ளிகள் பற்றி நீங்கள் சொன்னது எனக்கு உறைத்தது. ஆனால் எட்டு வரி போதாது என்பதில் மாற்றம் இல்லை. எழுதிய இரண்டு வரியில் எதுகையும் மோனையும் இவ்வளவு நன்றாக விழும்போது, மீதி நேரம் முழுவதும் ஏன் ஆங்கிலத்துக்குப் போக வேண்டும்?

சனிக்கிழமைவகுப்பு | திங்கள், காலை 9.15

ஆர்மோனியக்காரரே, முதல் வரியிலேயே "என்னை" என்றுதான் சொன்னாள். அங்கே மூச்சு நிறைய இருந்தது.

தம்பி, மற்ற ஆறு வரிகளையும் வாங்கி இங்கே போடுங்கள். முழுதாகப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

கரும்புத்தோட்டப்பேரன் | திங்கள், மாலை 6.45

அவளிடம் கேட்டேன். தமிழ் எழுத்தில் அவளிடம் எதுவும் இல்லை. அவளுக்கு எழுதத் தெரியாது. ஆயா சொல்லச் சொல்ல ஆங்கில எழுத்தில் கைபேசியில் அடித்து வைத்திருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் மனப்பாடம் செய்திருக்கிறாள். அதில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரே எழுத்துதான் இருக்கிறது, டீச்சர். ஆயா போன மாதம் காலமாகிவிட்டாராம்.

சனிக்கிழமைவகுப்பு | திங்கள், இரவு 7.05

அவள் வைத்திருப்பதை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். தமிழில் எழுதி, ஒவ்வொரு வரியையும் நிறுத்தி வாசித்துக் குரலையும் பதிவு செய்து அனுப்புகிறேன். வகுப்பு சனிக்கிழமை இரண்டு மணிக்கு.